வட்டம்

எப்படி வந்தோம் என்று கேட்காதீர்கள்.
கேட்டவர்களுக்கெல்லாம் கோவர்தன் வேறு வேறு பொய் சொன்னான்,
எல்லாமே உண்மையைவிட நம்பும்படி இருந்தன.
சிம்மக்கல் டியூஷன் மாடிப்படி
அன்று சாயங்காலம் நாயக்கர் காலத்துப் புழுதியில் போய் முடிந்தது.
அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் போன் செத்தது.
எங்களுக்குப் பெயர்கள் தெரியும், பொருள்கள் தெரியாது
என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.
மின்சாரம் என்றோம். எங்கே என்றார்கள்.
பென்சிலின் என்றோம். பூசணம் பிடித்த களியைக் காட்டி
இதுவா என்றார்கள்.
இருக்கலாம்.

பட்டுநூல்காரர் தெருவில் கோவர்தன்
வீட்டில் அம்மாவிடம் பேசும் பாஷையில் தண்ணீர் கேட்டான்.
கொடுத்தார்கள். கூடவே ஒரு வசவும்.
அதே வசவு, ஓர் எழுத்து மாறவில்லை என்று
செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான்.

கடைசியில் சோறு போட்டது ஐந்து மார்க் கேள்வி:
வெப்பம்கொள் வினை, உதாரணம் தருக.
வெடியுப்பைக் கரைத்தால் தண்ணீர் குளிரும்.
அதற்குள் செம்பு, செம்புக்குள் பானகம்.
மாலையில் உப்புநீரைப் பாறையில் ஊற்றிவிட்டால்
மறுநாள் வெயில் உப்பைத் திருப்பிக் கொடுத்துவிடும்.
மதுரை வெயிலுக்குச் சம்பளம் கிடையாது.

உப்புக்குச் சாத்தன்.
தொழுவத்துச் சுவரில் பூக்கும் வெள்ளையைச் சுரண்டிக்
காய்ச்சிக் கோட்டை மருந்துக்கு அளப்பவன்.
மிச்சத்தை எங்களுக்குத் தந்தான்.
நான்கு பணம் முன்பணம்.

வைகை மணலில் பந்தல். குவளை ஒரு காசு.
முதல் மடக்குக் குடித்த வண்டிக்காரர்
கன்னத்தைப் பொத்திக்கொண்டு
பேய் கடிச்சிருச்சு என்று கத்தினார்.
பிறகு இன்னொரு குவளை கேட்டார்.

கணக்கு நிஷாந்தினி, காமர்ஸ் குரூப்.
ஓலையில் புள்ளி வைத்தால் கிழிந்தது;
பற்று எல்லாம் பறறு ஆனது.
எழுத்தாணி வட்டத்துக்கு மட்டும் இணங்கியது.
கடைவீதி ௰ என்றும் ௱ என்றும் எழுதிக்கொண்டிருக்க
இவள் இடம் பார்த்து எண் வைத்தாள்.
சாத்தன் குனிந்து பார்த்தான். இது என்னது?
ஒண்ணுமில்லைண்ணா. ஒண்ணுமில்லைங்கிறதுக்கு அடையாளம்.
சிரித்தான்: அதை ஏன் எழுதணும்?

விருப்பாச்சிச் செட்டியார்
முந்திரி, மாகாணி வரை மனசிலேயே பெருக்குகிறவர்.
கோட்டை வாசலில் இன்னொரு பந்தல் போட முதல் தருகிறேன்,
உங்களுக்கு வரவேண்டிய கடன் எவ்வளவு,
ஓலையைக் காட்டுங்கள் என்றார்.

அன்றிரவு மற்ற இருவரும் தூங்கினார்கள்.
சாத்தன், ௪ என்று இருந்தது.
சாத்தன், ௪௦ என்று ஆனது.
எழுத்தாணி ஒருமுறை சுற்றி வர
கொசு அடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.
காட்டுவதற்குத்தானே, யார் வசூலிக்கப்போகிறார்கள்
என்று நினைத்தேன்.

செட்டியார் வசூலித்தார்.

சாத்தனின் மாட்டை ஆள் வந்து அவிழ்த்தபோது
அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.
வட்டம்னா ஒண்ணுமில்லைன்னு நீதானம்மா சொன்னே.
ஒண்ணுமில்லாததுக்கு எப்படி வட்டி?

நிஷாந்தினி ஓலையை வெளிச்சத்தில் பிடித்தாள்.
அவள் வட்டங்கள் மேலே ஒட்டாமல் கொஞ்சம் திறந்திருக்கும்.
இது இறுக்கமாக மூடியிருந்தது.
என் பக்கம் திரும்பினாள். ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

இப்போது கோவர்தன் தறித் தெருவில் பாவு நீட்டுகிறான்.
நிஷாந்தினி யாருக்கு எழுதினாலும்
நான்கு, நாற்பது என்று முழுச் சொல்லாக எழுதுகிறாள்.
ஓலை நிறையச் செலவாகிறது.
செட்டியாரின் பையன்களுக்கு வட்டம் ஒரே நாளில் வந்துவிட்டது;
மண்ணில் போட்டுப் போட்டு அழித்து விளையாடுகிறார்கள்.

நான் சாத்தனுடன் சுவர் சுரண்டுகிறேன்.
அவனிடம் சொல்லிவிட்டேன்; ஒரு நாள் பேசவில்லை,
மறுநாள் சுரண்டுகிற தகட்டைத் தந்தான்.
முப்பத்தாறு பணம், மாடு, வட்டி,
இத்தனைக்கும் எத்தனை கூடை உப்பு என்று
தொழுவத்துச் சுவரிலேயே போட்டுப் பார்த்தேன்.
விடையின் கடைசியில் ஒரு வட்டம் வந்தது.
அதையும் சேர்த்துச் சுரண்டிக் கூடையில் போட்டேன்.